பித்தப்பை என்று சொல்லிவைத்தார்கள்

"பித்தப்பையத்தானடா எடுத்தாங்க? காலையா எடுத்தாங்க?"

"அக்கா, கத்தாத. அவ தூங்கறா."

"தூங்கட்டும், தூங்கட்டும். ஆஸ்பத்திரிலேருந்து வந்த நாள்லேருந்து அதத்தான் செய்யறா. எனக்கும்தான் பித்தப்பைய எடுத்தாங்க. மூணாம் நாள் நான் கோழி அறுத்தேன்."

"நீ அறுப்ப. கோழி என்ன பாவம் பண்ணிச்சோ."

"சிரிக்காத ஸ்வெதோ. இன்னைக்கு உன் வீட்டு ஸ்லாவா. இன்னும் கொஞ்ச நேரத்துல பாதிரியார் வந்துடுவாரு. சார்மா சட்டி அடுப்பு மேல கெடக்கு. யாரு எறக்கறது?"

"நான் எறக்கறேன்."

"நீயா? வீட்டுக்காரன் வாசல்ல நிக்கணும்டா. அடுப்படில சட்டியோட நின்னா வர்றவன் என்ன நெனப்பான்? பொண்டாட்டி ஓடிப்போயிட்டான்னு நெனப்பான்."

"அவளால எதையும் தூக்க முடியாது. அவ்வளவுதான்."

"ஏன் முடியாது? அதச் சொல்லு மொதல்ல."

ஸ்வெதோஸார் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். சமையலறையில் ஒரு கரண்டி தட்டில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

பக்கத்து அறையில் ஸகோர்கா தூங்கவில்லை. கூரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனார் கோஸாரா தன்னைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று தெரிந்தது. கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. வேறு யார் வீட்டிலோ நடக்கிற சண்டை மாதிரி இருந்தது.

போன வாரம் இந்தப் பத்தியைப் படிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸகோர்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. வாலியெவோ ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் காலமெல்லாம் அண்டா தூக்கியவள். பல வருஷமாக அவளுக்கு மலக்குடல் கீழே இறங்கி வெளியே வந்துகொண்டிருந்தது. கழிப்பறையில் உட்கார்ந்தால் வரும். அப்புறம் எழுந்து நின்றாலே வர ஆரம்பித்தது. கையால் உள்ளே தள்ளிவிட்டு, பஞ்சு வைத்துக்கொண்டு, மறுபடி அண்டா தூக்கப் போவாள். புருஷனுக்கே இந்த வருஷம் கோடையில்தான் சொன்னாள். அவன் பஸ் ஓட்டுகிறவன். பேச்சு குறைவு. "சரி, டாக்டர்கிட்ட போவோம்" என்று மட்டும் சொன்னான்.

தலைநகர் பெல்கிரேடில் ஒரு பெண் டாக்டர் அறுவை சிகிச்சை செய்தாள். வயிற்றைக் கிழிக்கவில்லை. நாலு சின்ன ஓட்டை. ஒன்றில் காமிரா, மற்றதில் கருவிகள். சரிந்த குடலை மேலே தூக்கி, அதன் முன்பக்கத்தில் ஒரு வலைத்துண்டைத் தைத்து, அதன் மறுமுனையை முதுகெலும்புக்கு அடியில் உள்ள எலும்பில் மாட்டிவிட்டாள். "ஆறு வாரத்துக்கு டீ கெட்டில் கனத்துக்கு மேல எதையும் தூக்கக்கூடாது. முக்கக்கூடாது. தையல் பிடிக்கணும். பிடிச்சுட்டா நீங்க மறந்தே போயிடுவீங்க" என்று சொன்னாள்.

ஆனால் ஊரில் என்ன சொல்வது? அந்த இடத்தின் பெயரை எப்படி வாயால் சொல்வது? புருஷனும் பெண்டாட்டியும் காரிலேயே பேசி முடிவு செய்தார்கள். பித்தப்பை. எல்லோருக்கும் எடுக்கிறார்கள். ஓட்டையும் நாலுதான். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

இதில் ஒன்றை மறந்துவிட்டார்கள். பித்தப்பை எடுத்தவள் ஒரு வாரத்தில் எழுந்து வேலை பார்க்கவேண்டும். அதுவும் ஸ்லாவா நெருங்குகிறபோது.

ஸ்லாவா என்றால் அந்தந்தக் குடும்பத்துப் புனிதரின் நாள். இவர்களுக்கு அதிதூதர் மிக்கேல். இதற்கு யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிடவும் கூடாது. நாள் எல்லோருக்கும் தெரியும், வருவார்கள். கூப்பிடாதவர்களை வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது? கதவைத் திறந்துவைத்து, ரொட்டியும் அவித்த கோதுமையும் மெழுகுவர்த்தியும் எடுத்துவைத்து, வீட்டுக்காரனும் வீட்டுக்காரியும் கடைசி விருந்தாளி போகும்வரை நிற்கவேண்டும். உட்காரக்கூடாது.

ஸகோர்காவுக்கு நிற்பதுதான் பயம். பயம் என்று சொல்வதும் சரியில்லை. ஒருநாள் நின்றால் தையல் பிய்ந்து பழையபடி ஆகிவிடுமோ என்று ஒரு நினைப்பு. அது மட்டும் மந்தமாக ஓடிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் மரத்துப்போயிருந்தது.

கதவு திறந்தது. கோஸாரா, கையில் நீல உடுப்பு.

"எழுந்திரு. பாதிரியார் வர்றப்ப நைட்டியோட நிக்கப் போறியா?"

"எழுந்திருக்கறேன் அண்ணி."

"கையத் தூக்கு. நான் மாட்டிவிடறேன். சின்னப் புள்ள மாதிரி."

கோஸாரா அவளைவிட எட்டு வயது மூத்தவள். வாய் ஓயாத மனுஷி. உடுப்பை மாட்டிவிடும்போதும் ஓயவில்லை. தெருமுனை அன்யா வீட்டு மருமகள், கரியின் விலை, பாதிரியாரின் புதுக் கார். நைட்டி மேலே ஏறியது. அப்போது பேச்சு நின்றது.

நடு வாக்கியத்தில் நின்றது.

ஸகோர்கா திரும்பிப் பார்த்தாள். கோஸாரா அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்புளில் ஒன்று. மற்ற மூன்று வடுவும் கீழே, இடுப்பெலும்புப் பக்கம், இளஞ்சிவப்பாக. கோஸாராவின் வடுக்கள் எங்கே இருக்கின்றன என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு கல்யாணத்திலும் காட்டியிருக்கிறாள். மேலே, வலது விலாவுக்குக் கீழே.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லம்மா." கோஸாரா மெதுவாக உடுப்பை இறக்கிவிட்டாள். பொத்தான் போட்டாள். காலரைச் சரிசெய்தாள். "நீ உக்காரு. நான் சட்டிய எறக்கிக்கறேன்."

'அம்மா' என்று கோஸாரா இதுவரை அவளைக் கூப்பிட்டதே இல்லை.

கோஸாராவின் தலைக்குள் என்ன ஓடியது என்று நமக்குத் தெரியும். பித்தப்பை இல்லை. கீழ் வயிறு. எதையும் தூக்கக்கூடாது. தம்பி காரணம் சொல்ல மாட்டேன் என்கிறான். இந்த ஊரில் குடும்பங்கள் ஒரே ஒரு நோயைத்தான் இப்படி மறைக்கும். பேரைச் சொல்லாமல், நோயாளிக்கே சொல்லாமல். கோஸாராவின் அம்மாவுக்கும் அப்படித்தான் மறைத்தார்கள். அந்தம்மா வயிற்றுப்புண் என்று நினைத்துக்கொண்டே செத்துப்போனாள்.

பாதிரியார் வந்தார். மெழுகுவர்த்தியை ஏற்றினார். ரொட்டியைத் திராட்சை ரசத்தால் நனைத்து ஸ்வெதோஸாரோடு சேர்ந்து சுற்றிப் பிட்டார். வழக்கமாக நாலு வீடு பாக்கி இருக்கிறது என்று ஓட்டமாகப் படிக்கிறவர், இந்தத் தடவை ஸகோர்காவின் பேரைச் சொல்லி, உடல்நலத்துக்காக நீளமாகப் படித்தார். போகும்போது அவள் தலையில் கைவைத்தார். கை கனமாக இருந்தது.

அப்புறம் விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்த பக்கத்து வீட்டு ரதோயே வாசலில் ஸ்வெதோஸாரைக் கட்டிப்பிடித்தான். மூன்று முத்தம் கொடுப்பது வழக்கம்தான். இவன் கொடுத்துவிட்டு விடவில்லை.

"தைரியமா இரு ஸ்வெதோ."

"என்னத்துக்கு?"

"சும்மா. பொதுவா சொன்னேன். தைரியமா இரு."

அடுத்து வந்தவர்களும் அப்படித்தான். தோளைத் தட்டினார்கள். ராக்கியாச் சாராயத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கீழே பார்த்தார்கள். ஸ்லாவா வீடு என்றால் சந்தை மாதிரி சத்தம் இருக்கும். இங்கே கரண்டிச் சத்தம் கேட்டது.

ஸகோர்கா சூப் பானையை நோக்கிப் போனாள். மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"நீ உக்காரு ஸகோர்கா."

"ஸ்லாவா அன்னைக்கு நான் எப்படி உக்கார்றது?"

"மிக்கேல் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. உக்காரு கண்ணு."

ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டாள். இன்னொருத்தி முதுகுக்குத் தலையணை வைத்தாள். ரதோயேயின் மனைவி தட்டில் சார்மா வைத்துக் கொண்டுவந்தாள், தன் வீட்டிலேயே விருந்தாளிக்குப் பரிமாறுவது மாதிரி. கறி பொதிந்த முட்டைக்கோஸ் இலையை ஸகோர்கா கத்தியால் பிரித்தாள். ஆவி வந்தது. எல்லோரும் அவள் சாப்பிடுவதைப் பார்த்தார்கள்.

"நல்லா சாப்பிடு. ஒடம்புல தெம்பு வேணும்."

"பித்தப்பைக்குக் கொழுப்பு ஆகாதுன்னாங்களே," என்றாள் ஸகோர்கா. பொய்யை ஒழுங்காகச் சொல்லவேண்டுமே என்பதற்காகச் சொன்னாள்.

ரதோயேயின் மனைவி எழுந்து ஜன்னல் பக்கம் போய் மூக்கைச் சிந்தினாள்.

ஏதோ நடக்கிறது என்று ஸகோர்காவுக்குப் புரிந்தது. என்ன என்று யோசிக்கத் தோன்றவில்லை. நாற்காலி நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாகக் கீழே இழுக்கிற பாரம் இல்லை. அவள் உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானத்துக்கு அப்புறம் ஸ்வெதோஸார் அவளைப் படுக்கையறைக்குக் கூப்பிட்டான். கதவைச் சாத்தினான். அவன் முகம் சாம்பல் மாதிரி இருந்தது.

"உண்மைய சொல்லு."

"எத?"

"அந்த டாக்டரம்மா என்னை வெளில உக்கார வச்சுட்டு உங்கிட்ட தனியா பேசினாளே. என்ன சொன்னா?"

"முக்காதீங்கன்னு சொன்னா. தண்ணி நெறைய குடிங்கன்னு சொன்னா. உனக்குத் தெரியுமே."

"வேற?"

"வேற என்ன?"

"ஸகோர்கா." அவன் கட்டிலில் உட்கார்ந்தான். வீட்டுக்காரன் உட்காரக்கூடாத நாளில் உட்கார்ந்தான். "வர்றவன் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்றான். ரதோயே அழுவறான். பாதிரியார் உனக்குத் தனியா ஜெபம் பண்றாரு. ஊருக்கே தெரிஞ்சது எனக்கு மட்டும் தெரியலையா? உள்ள வேற ஏதாச்சும் பாத்தாங்களா? கட்டி கிட்டி?"

"ஒண்ணும் பாக்கல. கொடல் எறங்கினது. மேல தூக்கிக் கட்டிட்டாங்க. அவ்வளவுதான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் நம்பவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. முப்பத்துநாலு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். உண்மை தெரிந்த ஒரே ஆள். அவனே இப்போது அதைப் பொய் என்று நினைக்கிறான்.

அப்போதுதான் அவளுக்குள் ஏதோ அசைந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. மரத்துப்போன காலில் முதல் ஊசி குத்துவது மாதிரி.

"உங்கக்கா எங்க?" என்று கேட்டாள்.

கோஸாரா சாமான் அறையில் இருந்தாள். ஊறுகாய் ஜாடிகளுக்கும் முட்டைக்கோஸ் பீப்பாய்க்கும் நடுவில் நின்று, கேக்கை வெட்டுகிற சாக்கில் அழுதுகொண்டிருந்தாள்.

"அண்ணி, எல்லார்கிட்டயும் என்ன சொன்னீங்க?"

"நானா? நான் என்னத்தச் சொன்னேன்?"

"அண்ணி."

"ஒண்ணும் சொல்லலம்மா. கொஞ்சம் பக்குவமா நடந்துக்கங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான். நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத. இப்பல்லாம் நல்ல மருந்து வந்திருக்கு."

"எதுக்கு மருந்து?"

கோஸாரா கத்தியைக் கீழே வைத்தாள். "ஸகோர்கா, நான் கண்ணில்லாதவளா? பித்தப்பை ஓட்டை எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதா? எங்கம்மாவுக்கும் இப்படித்தான் மறைச்சாங்க. நீயும் ஒண்ணும் தெரியாம... ஐயோ." வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்கிட்ட சொல்லலையா அவங்க?"

ஸ்வெதோஸார் கதவருகே வந்து நின்றான்.

புற்றுநோய் என்று விட்டுவிடலாம், என்று ஸகோர்காவுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. நாற்காலி கிடைத்தது. தலையணை கிடைத்தது. புற்றுநோய்க்காக இந்த ஊர் மூக்கைச் சிந்தி அழும். அவளுக்கு வந்த உண்மையான நோய்க்கு என்ன செய்யும்? அவள் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்கும். அப்படித்தான் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

புருஷனைப் பார்த்தாள். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"புத்துநோய் இல்ல அண்ணி. பித்தப்பையும் இல்ல." குரல் தட்டையாக வந்தது. கடையில் மாவு கேட்பது மாதிரி. "என் மலக்குடல் வெளில வந்துட்டிருந்திச்சு. பின்னாடி வழியா. நடந்தா வரும், இருமினா வரும். கையால தள்ளிவிட்டுட்டு உங்க வீட்டு ஸ்லாவாவுக்கெல்லாம் வந்து நின்னுருக்கேன். அத உள்ள மேல தூக்கி வலை வச்சுக் கட்டிட்டாங்க. அதனாலதான் ஓட்டை கீழ இருக்கு. அதனாலதான் தூக்கக்கூடாது."

கோஸாரா அவளைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"நெசமா?"

"நெசம்தான் அக்கா," என்றான் ஸ்வெதோஸார். "இதத்தான் நான் சொல்லாம வச்சிருந்தேன். இதத்தான்."

"அட லூசுங்களா." கோஸாரா பீப்பாயின் மூடி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அட லூசுங்களா. நான் உனக்கு எந்தச் சவப்பெட்டி வாங்கறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன்டி."

"எதுன்னு யோசிச்சீங்க?"

"வால்நட் மரம்."

"அவ்வளவு நல்லதா?"

"நீ செத்தப்புறம்தான் எனக்கு உன்னைப் பிடிச்சிச்சு." கோஸாரா அழுதுகொண்டே சிரித்தாள். ஸ்வெதோஸாரும் சிரித்தான், சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று. ஸகோர்கா சிரிக்கவில்லை. மலக்குடல் என்று சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று நாக்கால் பல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

"வலிச்சுதா?" என்று கோஸாரா கேட்டாள்.

"ஆபரேஷனா? அவ்வளவா இல்ல. முன்னாடிதான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல."

"உங்ககிட்டயா?"

கோஸாரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் கை அப்படியே முகத்தில் நின்றது.

"ஐயய்யோ."

"என்ன அக்கா?"

"தாம்யானுக்குப் போன் பண்ணிட்டேன்."

தாம்யான் இவர்களுடைய ஒரே பையன். ஆஸ்திரியாவில் லின்ஸ் ஊரில் லாரித் தொழிற்சாலையில் வேலை. இந்த வீட்டு ஸ்லாவாவுக்கு அவன் வந்து நாலு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம். லீவு இல்லை, கார் சரியில்லை, பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை. இந்த வருஷக் காரணத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை சொல்லியாயிற்று. ஸகோர்கா "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"என்ன சொன்ன அவங்கிட்ட?" ஸ்வெதோஸார் கேட்டான்.

"உடனே கெளம்புன்னு சொன்னேன். அம்மாவ கண்ணால பாக்கணும்னா கெளம்புன்னு சொன்னேன்." கோஸாராவின் குரல் தாழ்ந்தது. "காலைல, அவ வயித்தப் பாத்த ஒடனேயே. அவன் ஒண்ணும் பேசலடா. போன வச்சுட்டான்."

"கெளம்பியிருக்க மாட்டான்," என்றாள் ஸகோர்கா.

ஆனால் அவளுடைய போன் சமையலறை மேஜை மேல் இருந்தது. எடுத்துப் பார்த்தபோது அவன் பேர் வரிசையாக நின்றது. விருந்தாளிகளின் நடுவே அவளுக்குக் கேட்டிருக்கவில்லை. கையில் வைத்திருக்கும்போதே மறுபடி அடித்தது.

"அம்மா."

"சொல்லுப்பா."

கார் ஓடுகிற சத்தம். வைப்பர் அடிக்கிற சத்தம்.

"ஹங்கேரிய பாதிக்கு மேல தாண்டிட்டேன். ஒரே பனி. முன்னாடி போற வண்டிகூட தெரியல. அம்மா, நீ எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன்."

"அப்படிச் சொல்லாத. அத்தை எல்லாம் சொல்லிட்டாங்க. ஏம்மா எங்கிட்ட மறைச்ச? நான் என்ன மூணாம் மனுஷனா?" அவன் அழுகிறான் என்று தெரிந்தது. பள்ளிக்கூடம் முடித்தபிறகு அவன் அழுது அவள் கேட்டதில்லை. "ஷிப்ட விட்டுட்டு வந்துட்டேன். மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்த சொல்லல. வேலை போனா போகட்டும். நீ மட்டும் இரு. நான் வர்றவரைக்கும் இரு."

ஸகோர்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

கோஸாரா அவள் முழங்கையைத் தொட்டாள். "சொல்லிடு. எங்கிட்டயே சொல்லிட்ட. அவன்கிட்ட சொல்றதுக்கு என்ன? இப்பவே திரும்பினான்னா வேலையாச்சும் மிஞ்சும்."

ஸ்வெதோஸார் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் மகனைப் பார்த்து நாலு வருஷம்.

ஒரே ஒரு வாக்கியம்தான். சற்றுமுன் சாமான் அறையில் சொன்ன அதே வாக்கியம். அதைச் சொன்னால் அவன் வண்டியை ஓரம் கட்டுவான். பெருமூச்சு விடுவான். ஒருவேளை சிரிப்பான். பிறகு அடுத்த சந்திப்பில் திரும்பி லின்ஸுக்குப் போய்விடுவான். சொல்லாவிட்டால் இந்தப் பனியில், கண்ணில் தண்ணீரோடு, வந்துகொண்டே இருப்பான்.

வெளி அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். பேச்சு மெல்ல எழுந்து மறுபடி அடங்கியது. அவள் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவர்களும் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன்."

"எங்கிட்ட உண்மைய சொல்லும்மா."

போனில் வைப்பர் அடித்துக்கொண்டே இருந்தது.

"மெதுவா ஓட்டுப்பா," என்றாள் ஸகோர்கா. "வந்து பேசிக்கலாம்."

போனை வைத்தாள். ஸ்வெதோஸார் திரும்பி, பெரிய சூப் பானையை இரண்டு கையாலும் தூக்கி அடுப்பில் வைத்துச் சூடுபண்ண ஆரம்பித்தான். வாசலில் வீட்டுக்காரன் இல்லை. அதைப் பற்றி இப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்குப் பிள்ளைகள் தூரதேசத்தில் இருப்பார்கள். பேர் சொல்லக் கூசுகிற நோயை மறைத்துவைத்திருப்பவர்களும் இருப்பார்கள். உங்களைத்தான் கேட்கிறேன். ஸகோர்கா அந்த போனிலேயே சொல்லியிருக்க வேண்டுமா? அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் சொல்லியிருப்பீர்களா? அவளைத் திட்டுவதானாலும் சரி. ஆமாம், இல்லை என்று நிறுத்தாமல், ஏன் என்றும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.